நஞ்சுண்டசாமி பார்த்த பத்தாவது வண்டி

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் யாராவது பழைய கார் வாங்குவதென்றால், பேச்சை முடிப்பதற்கு முன்னால் நஞ்சுண்டசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அவர் சரி என்றால்தான் வாங்குவார்கள். அவர் சரி என்று சொன்னதாக எனக்கு நினைவில் இருப்பது இரண்டே முறை. மற்றபடி அவரோடு போனவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு டவுன் பஸ் ஏறித்தான் திரும்பினார்கள். அப்படியும் அடுத்தவன் அவரைத்தான் கூப்பிட்டான். அவர் பார்க்காத வண்டியை வாங்கி நாளைக்கு நடுரோட்டில் நின்றால் தெருவே சிரிக்கும் என்ற பயம்தான்.

அவர் மெக்கானிக் இல்லை. கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்து நான்கு வருஷம் ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். ரயில் வந்து நின்றதும் நீளமான கைப்பிடி போட்ட சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். விரிசல் இருந்தால் சத்தம் மாறுமாம். சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பெட்டியில் 'சிக்' என்று, அதாவது பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்று, ஒரு சீட்டை ஒட்டிவிடுவார். உடனே அதைக் கழற்றித் தனி லைனில் தள்ளிவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சினாலும் சீட்டுக் கிழியாது.

"நிறுத்துன பொட்டிக்கு எவனும் வந்து என்னெக் கேட்டதில்லெ தம்பி. உட்ட பொட்டிக்குத்தான் கேப்பான்" என்பார். இதை ஒரு நூறு முறையாவது கேட்டிருப்பேன். பெருமையாகத்தான் சொல்வார்.

அவர் வண்டி பார்க்கிற அழகே தனி. காலையில், வண்டிக்காரன் காபி குடிப்பதற்குள் போய் நிற்க வேண்டும். முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி எதையோ மறைக்கிறான் என்று சொல்லி, மேற்கொண்டு பார்க்காமலே திரும்பிவிடுவார். குளிர்ந்திருந்தால் விரல் முட்டியால் கதவு கதவாகத் தட்டுவார். தகரம் ஒரு மாதிரி பேசும், மேலே பூசிய பட்டி ஒரு மாதிரி பேசும். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். கதவு ஓரத்து ரப்பரை உரித்துப் பார்ப்பார். வண்டிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் ஒவ்வொரு சீட்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேண்டாம்" என்பார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. பெயர் ஜெயகிருஷ்ணன். கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மேலே குடித்தனம். எங்கள் வீட்டு போன்தான் அவர்கள் வீட்டுக்கும் போன். யாராவது கூப்பிட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவோம். அவரும் அவர் மனைவி நாச்சம்மாளும்தான் அந்த வீட்டில். பிள்ளைகள் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதத்தில் நாச்சம்மாள் அக்கா கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான். வீட்டுக்குள் நடக்கலாம், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, தூரம் போவதென்றால் கால் நீட்டிப் படுத்தபடிதான் போக வேண்டும். பஸ்ஸை மறந்துவிடுங்கள் என்றார்.

அக்காவுக்குப் பஸ்ஸை மறப்பது பெரிய காரியமாக இருந்திருக்காது, கொள்ளேகாலுக்கும் அப்பால் கௌதள்ளியில் ராமக்காள் மட்டும் இல்லாதிருந்தால். ராமக்காள் கூடப் பிறந்தவள், பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட, நாச்சம்மாளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்ததெல்லாம் அவள்தான். இப்போது சர்க்கரை வியாதியில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். மகள் மாதேவி வீட்டில் கட்டிலோடு இருந்தாள். அவளும் வர முடியாது, இவரும் போக முடியாது. இருவரும் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மாதம் ஒரு கார்டு வரும். மாதேவி கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் பேசுகிற தமிழை அப்படியே கன்னட எழுத்தில் எழுதுவாள். நாச்சம்மாள் அக்காவுக்கும் அண்ணனுக்கும் கன்னட எழுத்துத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது என்று நாலு வரி வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "சித்தி, நீங்க எப்ப வாரீங்கன்னு அம்மா கேக்குது." அந்த வரியை அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொல்வார்.

அப்போதுதான் ஊரில் ஒரு புது மாதிரி வண்டி பரவலாக வர ஆரம்பித்திருந்தது. ஜீப்பைப் போல உயரம், காரைப் போல மெத்தை, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஏறலாம். பின் சீட்டை மடக்கிப் போட்டால் ஒரு ஆள் நிம்மதியாகப் படுக்கலாம். நஞ்சுண்டசாமி அண்ணன் அதில் ஒன்றைப் பழையதாக வாங்குவதென்று முடிவு செய்தார். ஓய்வு பெற்றபோது வந்த தொகை பாங்கில் அப்படியே இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸும் எடுத்துவிட்டார். தெருவே சந்தோஷப்பட்டது. ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்தவர் தனக்கே ஒன்று பார்க்கப் போகிறார் என்று நாங்கள் கேலி பேசினோம்.

ஜூன் மாதத்தில் ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஒரு வண்டி. ஓட்டிப் பார்க்கும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போவார். யார் படுத்துக்கொண்டு போகப் போகிறார்களோ அவர்தான் சொல்ல வேண்டும், குலுங்குகிறதா இல்லையா என்று. நானும் சில சமயம் போவேன். அக்கா சனிக்கிழமையே தலை குளித்துவிடுவார். கையில் ஒரு தலையணை. குக்கரஹள்ளி ஏரி தெரிந்தால் "எந்திருச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுக் கொஞ்சம் தலையைத் தூக்குவார். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர ஆறு மாதம் கழித்து வெளியே வந்தது அப்படித்தான்.

வண்டிகள்தான் ஒன்றும் தேறவில்லை. ஒன்றில் பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுத்தது. ஒன்றில் புகை நீலமாக வந்தது. ஒன்று எல்லா வகையிலும் நன்றாக இருந்தது, ஆனால் கிலோமீட்டர் காட்டியதற்கும் கிளட்ச் பெடல் தேய்ந்திருந்ததற்கும் பொருந்தவில்லை. "பொய் சொல்ற வண்டி" என்று திரும்பி வந்துவிட்டார். ஒன்றை, அதன் சொந்தக்காரன் அளவுக்கு மீறி மரியாதை காட்டினான் என்பதற்காகவே வேண்டாமென்றார். நவராத்திரி வந்து போனது. ஆயுத பூஜைக்குத் தெருவில் ஸ்கூட்டர்களெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. ஒன்பது வண்டி பார்த்தாகிவிட்டது.

ஒரு நாள் நானே கேட்டேன். "அண்ணா, வாங்கற போது வாங்கிக்கோங்க. இப்ப ஒரு டாக்சி பேசி அக்காவை ஒரு தடவை கௌதள்ளிக்குக் கூட்டிண்டு போயிட்டு வந்துடலாமே. பெரிய வண்டியாவே சிக்கும்."

"எவனோ ஒருத்தன் வண்டி. அவன் பிரேக்கெ எவன் பாத்தான்? டயரெ எவன் பாத்தான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "அடுத்த வாரம் சொந்த வண்டியே வந்துரும். வாடகை வண்டி எதுக்கு?"

அந்த அடுத்த வாரத்தை அவர் மனதார நம்பினார். பொய்க்குச் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் கஷ்டம். கஞ்சனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அக்கறை இல்லாதவராக இருந்தால் திட்டியிருக்கலாம். இவர் அவ்வளவு அக்கறையோடு அந்த அம்மாளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

பத்தாவது வண்டி சரஸ்வதிபுரத்தில் இருந்தது. ஒரு காபி எஸ்டேட் மேனேஜருடையது, மாற்றலாகிப் போகிறார். சாம்பல் கலந்த நீல நிறம். பானெட் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆனது. பின் சீட்டை மடக்கி, அக்காவைப் படுக்க வைத்து, நஞ்சன்கூடு ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனோம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. விழுந்த நாளிலிருந்து மாத்திரை போடாமல் அவர் தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை. நஞ்சுண்டசாமி அண்ணனும் கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சரி, முடிந்தது, வாங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து நிறுத்தியதும் கதவு ஓரத்து ரப்பரை உரிக்க ஆரம்பித்தார். இடது பக்கப் பின் கதவில் குனிந்தவர் நிமிரவில்லை. என்னைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். தூண் மாதிரி மேலே போகிற தகரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. எங்கோ இடிபட்டு, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மேனேஜரும் மறைக்கவில்லை. தான் வாங்குவதற்கு முன்னால் ஆனது, ஒரு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை என்றார்.

"வேண்டாம்" என்றார் அண்ணன்.

அக்கா உள்ளே படுத்தபடியே, "ஏனுங்க, எனக்கு இது போதுமுங்க" என்றார். அந்த அம்மாள் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நாச்சி, உனக்குத் தெரியாது. ஹனூர் தாண்டி ரோடு எப்படி இருக்கும்? உன்னெ இதுல படுக்க வெச்சு, நடுவழியில அது உட்டுருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அக்கா கையை ஊன்றி எழுந்தார். தலையணையை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும். அந்த வண்டியை நான் வாங்கிவிட்டேன். அடுத்த வாரமே, அவருக்குத் தெரியாமல். என் மனைவி சீதாலக்ஷ்மி ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவசரத்தில் விலையைக் குறைத்தார். நான் ஒன்றையும் தட்டிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. அக்கா அதில் தூங்கினதைப் பார்த்திருந்தேன், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் தெருவில் கொண்டு வந்து நிறுத்தத் தைரியம் இல்லை. அவர் 'சிக்' சீட்டு ஒட்டிய வண்டி! குவெம்புநகரில் என் மைத்துனன் வீட்டில் விட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஆட்டோ பிடித்துப் போய், அங்கிருந்து அதில் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம், நஞ்சன்கூடு என்று சுற்றிவிட்டு, மறுபடி ஆட்டோவில் வீட்டுக்கு வருவோம். திருடர்களைப் போல.

இப்படி ஐந்து வாரம். நடுவில் ஒரு கார்டு வந்தது. நான்தான் படித்தேன். கடைசி வரியை இரண்டாம் தடவையும் படித்தேன். "அக்கா, என்கிட்ட வண்டி இருக்கு, வாங்கோ போகலாம்" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. அண்ணனுக்கு என் மேல் கோபம் வரும், ஸ்வல்ப நாள் போகட்டும் என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு போன் வந்தது. மாதேவியின் புருஷன், கௌதள்ளி எஸ்.டி.டி. பூத்திலிருந்து. அத்தைக்கு மூச்சு இழுக்கிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே வரச் சொல்லுங்கள் என்றான். சுவரைத் தட்டாமல் நானே ஓடினேன்.

அக்கா கேட்டதும் சேலை மாற்ற உள்ளே போனார். அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டே, "டாக்சி புடி தம்பி, எதா இருந்தாலும் புடி" என்றார்.

"அண்ணா, வண்டி இருக்கு. நான் கொண்டு வர்றேன்."

குவெம்புநகர் போய் எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெரு முனையில் திரும்பும்போதே அவர் வாசலில் நிற்பது தெரிந்தது. வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஐந்து வாரமாகப் பயந்த அந்தக் கோபம் வரவே இல்லை. தானே பின் கதவைத் திறந்து, சீட்டை மடக்கி, மெத்தையை விரித்தார். அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்தபோது அவர் உள்ளே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"இது அந்த வண்டிதானுங்களா?" என்றார் அக்கா.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர். நான் ஓட்டினேன். அண்ணன் பின்னால் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவர் தலை இடது பக்கக் கதவை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த வெல்டிங் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேட்டிலும் பள்ளத்திலும், ரோடே இல்லாத இடத்திலும், எங்காவது ஒரு கிறீச் சத்தம் வருமா, ஒரு முனகல் வருமா என்று. நானும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வரட்டுமே என்று கூட நினைத்தேன், அவருக்காக. மூன்றரை மணி நேரத்தில் ஒரு சத்தம் வரவில்லை.

ராமக்காள் உயிரோடு இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. மாதேவி ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் வரெக்கும் நல்லாப் பேசிட்டிருந்துச்சு சித்தி. அப்பறந்தான் நெனவு தப்பிருச்சு."

இன்னொரு கட்டிலைக் கொண்டு வந்து ஒட்டிப் போட்டார்கள். நாச்சம்மாள் அக்கா அதில் ஒருக்களித்துப் படுத்து, ராமக்காளின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மெல்லிய குரலில், ஏதோ வாராவாரம் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதிரி, அவர் ஏறிப் பார்த்த வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளை வண்டியில் சீட் முள்ளாகக் குத்தியது. பச்சை வண்டிக்காரர் வீட்டில் மைசூர்பாகு கொடுத்தார்கள். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. "இன்னொரு வண்டி அக்கா, நீல வண்டி, அதுல நான் தூங்கியே போயிட்டேன், அப்பவே வந்திருப்பேன்" என்று சொல்லி அங்கே நிறுத்தினார். ராமக்காளுக்கு எதுவும் கேட்டிருக்காது. மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது. நின்றது தெரியாமல் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்தேன். அண்ணன் வண்டியின் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ரப்பரை உரித்து, அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெல்டிங்தான் தம்பி. நான் பாத்தது சரிதான்" என்றார். "நான் சொன்னது சரிதான்." இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அறுபது வயது மனிதர், அந்நிய ஊர்த் தெருவில், கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவருக்காக மட்டும் இல்லை. ஐந்து வாரம் குவெம்புநகரில் சும்மா நின்ற வண்டி என்னுடையதுதானே.

மறுநாள் அடக்கம் முடித்துத் திரும்பினோம். கொள்ளேகால் தாண்டினோம். பிறகு அக்கா கேட்டார், படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "ஏனுங்க, இந்த வண்டியில ஏதாச்சும் சத்தம் வந்துச்சுங்களா?"

"இல்லெ நாச்சி."

"ம்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், தெரிந்துகொண்டார். மைசூர் வரும் வரை கண்ணை மூடியே இருந்தார்.

அதற்குப் பிறகு நஞ்சுண்டசாமி அண்ணன் யாருக்கும் வண்டி பார்க்கப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த வண்டி எங்களிடம் ஆறு வருஷம் ஓடியது. தெருவில்தான் நிறுத்தினேன். அவர் அதைக் கடந்து போகும்போது எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

ராமக்காள் போன அடுத்த தை மாதம் நான் ஏதோ காரியமாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சேட்டிடம் புது வண்டியே இருக்கிறது, தட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், கம்பெனி பேப்பரோடு கொடுக்கிறான், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று அவர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாங்குப் புத்தகம் கையில் இருந்தது. சட்டை கூட மாற்றிவிட்டிருந்தார். அக்கா முறத்தில் அவரையைப் பரப்பி உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எடுத்துட்டு எங்கெ போறதுக்குங்க?" என்றார்.

அவர் பாங்குப் புத்தகத்தை அலமாரியில் வைத்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தார்.